இரண்டு சுருளுக்கு 10 ஆண்டு ஜெயில். இன்றோ வீட்டுக்கு 12 கஞ்சா செடி!

கொல்லையில் கத்தரிச் செடி வைப்பது போல வீட்டுக்குள் கஞ்சா செடி வைக்கிறார்கள். பூ பூத்ததும் அறுத்துக் காய வைக்கிறார்கள். பேப்பரில் சுருட்டுகிறார்கள். அப்புறம் பழைய ராக் இசைத்தட்டு ஒன்றை எடுத்துச் சுழல விட்டு, சோபாவில் சாய்ந்து விடுகிறார்கள். போலீசும் வராது. கேசும் கிடையாது!

இது நடப்பது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில். கார் தொழிற்சாலைகளுக்குப் பேர் போன டெட்ராய்ட் நகரம் இருக்கிறதே, அதே மாநிலம்தான்.

"இதென்னய்யா அக்கிரமம்!" என்பார் ஒருவர். "அவன் வீடு, அவன் செடி, உனக்கென்ன வந்தது?" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் அந்த ஊரின் பழைய கதையைக் கேட்க வேண்டும்.

வேஷம் போட்ட போலீஸ்

ஜான் சின்கிளேர் என்று ஒரு கவிஞர். டெட்ராய்டில் 'எம்.சி.5' என்ற ராக் கோஷ்டிக்கு மானேஜராக இருந்தவர். அந்தக் கோஷ்டியின் முதல் இசைத்தட்டு 1968 அக்டோபர் கடைசியில், டெட்ராய்டின் கிராண்டி பால்ரூம் அரங்கில் ரசிகர்களின் கூச்சலுக்கு நடுவே பதிவானது. 1969-ல் வெளிவந்தது. இன்றைக்கும் ராக் ரசிகர்கள் தேடிப் பிடித்து வாங்கும் தட்டு அது.

தட்டு வெளிவந்த அதே 1969 ஜூலையில் மானேஜர் ஜெயிலுக்குப் போனார்.

குற்றம் என்ன? மாறுவேஷத்தில் பழகிய போலீசிடம் இரண்டே இரண்டு கஞ்சா சுருள் கொடுத்தார். அவ்வளவுதான். தண்டனை ஒன்பதரை முதல் பத்து ஆண்டு வரை!

ஊரே கொதித்தது. 1971 டிசம்பர் 10-ந் தேதி ஆன் ஆர்பர் நகரில் பெரிய கூட்டம் கூடியது. சுமார் 15 ஆயிரம் பேர் திரண்டார்கள். 'பீட்டில்ஸ்' புகழ் ஜான் லென்னன் மனைவி யோகோ ஓனோவுடன் மேடை ஏறினார். சின்கிளேருக்காகவே ஒரு பாட்டு எழுதி வந்து பாடினார். ஸ்டீவி வொண்டரும் பாடினார்.

மூன்றாம் நாள் சின்கிளேர் வெளியே வந்து விட்டார்!

பாட்டின் மகிமை என்று ரசிகர்கள் சொல்வார்கள். பாட்டு மட்டும் அல்ல. கூட்டத்துக்கு முதல் நாளே மாநில சட்டசபை கஞ்சா தண்டனையைக் குறைத்து மசோதாவை நிறைவேற்றி இருந்தது. அதற்குப் பிறகுதான் மாநில சுப்ரீம் கோர்ட்டு அவரை ஜாமீனில் விட்டது. 1972 மார்ச் மாதம் அதே கோர்ட்டு தண்டனையையும் ரத்து செய்தது.

இரண்டு சுருளுக்குப் பத்து ஆண்டு என்பது தண்டனை அல்ல, பழி தீர்ப்பது. அதில் சந்தேகமே வேண்டாம்.

சட்டம் போட்ட வேலி

2018 நவம்பரில் மிச்சிகன் மக்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். நூற்றுக்கு 55 பேருக்கு மேல் 'சரி' என்றார்கள். டிசம்பர் 6-ந் தேதி சட்டம் அமலுக்கு வந்தது.

அடுத்த ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி ஆன் ஆர்பரில் கடை திறந்தது. முதல் நாளே வரிசையில் நின்று வாங்கியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? 78 வயது சின்கிளேர்! எதற்காக ஜெயிலில் தள்ளினார்களோ, அதையே ரசீது போட்டுக் கொடுத்தார்கள். அவர் 2024 ஏப்ரலில் காலமானார்.

ஆனால் சட்டம் சும்மா அவிழ்த்து விடவில்லை. வேலியும் போட்டிருக்கிறது.

21 வயது நிரம்பி இருக்க வேண்டும். எத்தனை பேர் குடியிருந்தாலும் ஒரு வீட்டுக்கு 12 செடிதான். செடி தெருவில் போகிறவன் கண்ணில் படக்கூடாது. பூட்டுப் போட்ட இடத்தில் இருக்க வேண்டும். வெளியே எடுத்துப் போவதானால் இரண்டரை அவுன்ஸ், அதாவது சுமார் 70 கிராம்தான். பொது இடத்தில் புகைக்கக் கூடாது. புகைத்து விட்டுக் கார் ஓட்டக்கூடாது. வாடகை வீடு என்றால், புகையும் வேண்டாம் செடியும் வேண்டாம் என்று சொல்ல வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. கம்பெனி முதலாளியும் 'எங்களிடம் இது கூடாது' என்று வேலையை விட்டு அனுப்பலாம்.

வீட்டில் விளைந்ததை விலைக்கு விற்கவும் முடியாது. நண்பருக்குச் சும்மா கொடுக்கலாம். காசு கை மாறினால் குற்றம்.

பாட்டும் புகையும்

அது சரி, ராக் இசைத்தட்டுக்கும் கஞ்சாவுக்கும் என்ன சம்பந்தம்?

பழைய லாங் பிளே தட்டு ஒரு பக்கம் சுமார் 20 நிமிஷம் ஓடும். அப்புறம் எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். 1960-களின் கடைசியில் ராக் கோஷ்டிகள் தனிப் பாட்டுகளாக மட்டும் போடாமல், முழுத் தட்டையும் ஒரே கதை போல அமைக்க ஆரம்பித்தன. 'பிங்க் ஃபிளாய்ட்' கோஷ்டி 1973-ல் வெளியிட்ட 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' அந்த வகையில் பேர் பெற்றது. அமெரிக்காவின் 'பில்போர்ட்' விற்பனைப் பட்டியலில் 1988-க்குள் மொத்தம் 741 வாரம் இடம் பிடித்த தட்டு அது!

கஞ்சாவில் உள்ள டி.எச்.சி. என்ற சத்து மூளையின் காலக் கணக்கைக் குழப்பும். ஐந்து நிமிஷம் பத்து நிமிஷம் போலத் தோன்றும். கிட்டார் நரம்பின் ஒரு சின்ன அதிர்வு கூட நீளமாக, தனியாகக் கேட்பது போல இருக்கும். ரசிகர்கள் 'ஆகா' என்பது இதற்குத்தான்.

சோபாவில் இது இன்பம். ரோட்டில்? சிவப்பு விளக்குக்கும் பிரேக்குக்கும் இடையே இருப்பது ஒரு வினாடி. அந்த வினாடியை மூளை தப்பாகக் கணக்கிட்டால் என்ன ஆகும்? பாட்டை நீட்டிக் காட்டிய அதே குழப்பம்தான் எதிரே வருகிற ஆளையும் அடித்துப் போடும். தட்டு முடிந்ததும் கார் சாவியைத் தேடுகிறவர் தன் சுதந்திரத்தை அல்ல, ஊரான் உயிரைத் தொடுகிறார்.

இன்னொன்று. லென்னன் காலத்துக் கஞ்சா வேறு, இன்றைய கஞ்சா வேறு. அமெரிக்கப் போலீசார் பிடித்த சரக்கைச் சோதித்ததில், 1995-ல் டி.எச்.சி. சுமார் 4 சதவீதம் இருந்தது. 2014-ல் அது சுமார் 12 சதவீதம் ஆகி விட்டது. மூன்று மடங்கு! 'எங்க அப்பா காலத்தில் அடிக்காததா?' என்று கேட்கிற வாலிபர் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும்.

மனித மூளை சுமார் 25 வயது வரை வளர்கிறது. பள்ளிக்கூட வயதில் ஆரம்பிக்கிறவர்களுக்கு அடிமையாகும் அபாயமும், சிலருக்கு மனநோய் அபாயமும் கூடுதல் என்று டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள். அப்பா வளர்க்கும் செடிக்குப் பூட்டு எதற்கு என்றால், வீட்டில் உள்ள பிள்ளைக்காகத்தான். புகைக்குப் பூட்டுப் போட முடியாது. அது பக்கத்து வீட்டுக் குழந்தையின் மூக்கிலும் ஏறும்.

லென்னன் பட்ட பாடு

சின்கிளேருக்காகப் பாடிய லென்னனையும் கஞ்சா விடவில்லை.

1968-ல் லண்டனில் அவர் கஞ்சாவோடு பிடிபட்டு 150 பவுன் அபராதம் கட்டினார். சின்ன விஷயம் என்று நினைத்திருப்பார். 1972-ல் அமெரிக்க அரசு அந்தப் பழைய கேசைத் தூசி தட்டி எடுத்து, 'நாட்டை விட்டுப் போ' என்றது. கோர்ட்டுக்கு அலைந்து அலைந்து, 1976 ஜூலையில்தான் அவருக்கு நிரந்தரக் குடியிருப்பு அட்டை கிடைத்தது.

கூட்டாளி பால் மெக்கார்ட்னி 1973-ல் ஸ்காட்லாந்துப் பண்ணையில் கஞ்சா செடி வளர்த்ததற்காக 100 பவுன் அபராதம் கட்டினார். 1980 ஜனவரியில் டோக்கியோ விமான நிலையத்தில் பெட்டிக்குள் கஞ்சாவோடு மாட்டினார். ஒன்பது நாள் காவலில் இருந்து, கச்சேரிகள் எல்லாம் ரத்தாகி, ஊர் திரும்பினார்.

கோடீசுவரர்களுக்கே இந்தக் கதி. வக்கீல் வைக்கக் காசில்லாதவன் கதி என்ன?

நம்ம பிள்ளைகள் கவனத்துக்கு

டெட்ராய்டைச் சுற்றியுள்ள ஊர்களில் கார் கம்பெனி, கம்ப்யூட்டர் வேலை, படிப்பு என்று போன தமிழ்ப் பிள்ளைகள் ஏராளம். அவர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது.

செடிக்கு அனுமதி கொடுத்தது மாநில சட்டம். விசாவும் குடியுரிமையும் தருவது மத்திய அரசு. மத்திய அரசின் சட்டத்தில் கஞ்சா இன்னும் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்தான்.

2019 ஏப்ரலில் அமெரிக்கக் குடியுரிமை இலாகா பச்சையாகவே சொல்லி விட்டது: மாநிலத்தில் சட்டப்படி சரியாக இருந்தாலும், கஞ்சா சம்பந்தப்பட்ட செயல் குடியுரிமைக்குத் தேவையான நன்னடத்தைக்குக் குறுக்கே நிற்கலாம் என்று. 30 கிராம் வரை சொந்த உபயோகத்துக்கு ஒரே ஒரு முறை வைத்திருந்தவரை நாடு கடத்துவதில் மட்டும் விலக்கு இருக்கிறது. செடி வளர்ப்பதற்கு அந்த விலக்கு பொருந்தாது. தண்டனையே இல்லாமல், 'ஆமாம், புகைத்தேன்' என்று அதிகாரியிடம் ஒப்புக்கொண்டாலே சிக்கல் வரலாம்.

ஆக, ஒரே வரவேற்பறை, ஒரே தட்டு, ஒரே சுருள். பக்கத்தில் உட்கார்ந்த அமெரிக்க நண்பருக்கு அது சனிக்கிழமைப் பொழுதுபோக்கு. நம்ம பையனுக்கு எட்டு வருஷக் காத்திருப்பே வீணாகிற சமாசாரம்!

வயது வந்தவர் தன் வீட்டுக்குள் செய்வதற்காக ஜெயிலில் தள்ளக்கூடாது என்று மிச்சிகன் மக்கள் எடுத்த முடிவு நியாயமானது. பழைய சில்லறைக் கஞ்சா கேசுகளை ஏட்டில் இருந்து அழிக்க 2020-ல் அந்த மாநிலம் வழி செய்ததும் பாராட்டத்தக்கது. ஆனால் அந்த நியாயத்தை வெளிநாட்டில் இருந்து வந்து உழைக்கிறவனுக்கு மட்டும் மறுப்பது எந்த ஊர் நீதி? 1972-ல் லென்னனுக்குச் செய்ததையே இன்றைக்கும் செய்யலாமா? மத்திய அரசும் மாநில அரசும் உட்கார்ந்து ஒரே பேச்சாகப் பேச வேண்டும்.

அது நடக்கிற வரை நம்ம பிள்ளைகள் பாட்டோடு நிறுத்திக் கொள்வது நல்லது. தட்டு கேட்க விசா அதிகாரி தடை சொல்ல மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை டெலிபோனில் "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்கிற அம்மாமார்கள், இதையும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கட்டும்.