கோழிக்குத் தடை உண்டு, குழந்தைக்கு?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் தறிச் சத்தத்தோடு குழந்தைகளின் இருமல் சத்தமும் சேர்ந்து கேட்கும். இரவு ஷிப்டு முடித்து வந்த தோழருக்குத் தூக்கம் ஏது? மூச்சிரைக்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிறார். கிடைப்பது என்ன? பல இடங்களில் ஒரு ஆன்டிபயாடிக் சிரப். அடுத்த வாரம் வேறொரு சிரப். வாரக்கூலி மருந்துக் கடைக்குப் போகிறது.

குழந்தைகளின் சளி, இருமலுக்குப் பெரும்பாலும் காரணம் வைரஸ். இன்புளுயன்சா, ஆர்.எஸ்.வி., கொரோனா என்று அதில் பல உண்டு. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். வைரஸை அது தொடாது.

2019 ஜூலையில் மத்திய சர்க்கார் கொலிஸ்டின் மருந்தைக் கோழிக்கும் கால்நடைக்கும் தரக்கூடாது என்று தடை போட்டது. மற்ற மருந்து கேட்காதபோது மனிதனுக்குக் கைகொடுக்கும் மருந்து அது. அது மழுங்கக்கூடாது என்பதே காரணம். நல்ல காரியம், வரவேற்கிறோம். நாமக்கல் கோழிக்குக் காட்டிய அக்கறையை, பண்ணையில் தீவனம் அள்ளும் தொழிலாளியின் பிள்ளைக்குக் காட்ட வேண்டாமா?

வழி இல்லாமலில்லை. மூக்கில் குச்சி விட்டு எடுத்த சளியை, கையடக்கமான கார்ட்ரிட்ஜ் ஒன்றில் இட்டு இயந்திரத்தில் செருகினால், வைரஸின் மரபணுவைப் பல மடங்கு பெருக்கி, இன்னது என்று ஒரு மணி நேரத்துக்குள் சொல்லிவிடுகிறது. காசநோய்க்காக அரசு ஆஸ்பத்திரிகளில் வைத்திருக்கும் ஜீன்எக்ஸ்பர்ட் இயந்திரமே இதைச் செய்ய வல்லது, கார்ட்ரிட்ஜ்தான் வேறு. தனியாரிடம் போனால், பல வைரஸ்களைச் சேர்த்துப் பார்க்கச் சில ஆயிரம் ரூபாய். பத்துப் பேருக்குக் குறைந்த தறிப்பட்டறைக்கு ஈ.எஸ்.ஐ.யும் கட்டாயமில்லை. தறிக்காரர் எங்கே போவார்?

இயந்திரம் வந்தால் எல்லாம் தீரும் என்று நாம் சொல்லவில்லை. அமெரிக்காவிலும் பின்லாந்திலும் அவசரப் பிரிவுக்கு வந்த குழந்தைகளிடம் இச்சோதனை செய்து பார்த்தபோது, ஆன்டிபயாடிக் எழுதுவது குறையவில்லை. 2021, 2022-ல் வெளிவந்த உண்மை இது, மறைப்பானேன்? ஆர்.எஸ்.வி. என்று தெரிந்தாலும் அதைக் கொல்லத் தனி மருந்து வழக்கத்தில் இல்லை, ஆக்சிஜனும் கவனிப்பும்தான். வைரஸ் இருக்கும் பிள்ளைக்குப் பாக்டீரியாவும் சேர்ந்திருக்கலாம். டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்கத்தான் வேண்டும்.

ஆகவே சளி பிடித்த ஒவ்வொரு பிள்ளைக்கும் நாம் சோதனை கேட்கவில்லை. மூச்சுத் திணறி வார்டில் சேரும் பிள்ளைக்குக் கேட்கிறோம். இன்புளுயன்சா என்றால் அதற்கு மருந்து உண்டு. அதை முதல் இரண்டு நாளில் கொடுத்தால்தான் நல்ல பலன். ஆர்.எஸ்.வி. பிள்ளையையும் இன்புளுயன்சா பிள்ளையையும் பக்கத்துப் பக்கத்தில் படுக்கவைக்காமல், ஒன்றின் நோயை மற்றொன்றுக்கு ஒட்டாமலும் தடுக்கலாம்.

2020-ல் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி கொரோனாவுக்கு இரவு பகலாகச் சோதனை செய்தது. நாமக்கல்லிலும் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. இரண்டின் குழந்தைகள் வார்டுக்கும், அடுத்த ஐப்பசிக்கு முன் கார்ட்ரிட்ஜும், இரவிலும் இயந்திரத்தை இயக்க லேப் டெக்னீஷியன்களும் வேண்டும். சுகாதார மந்திரி என்ன சொல்கிறார்?