புகை வராது, சரி. தூசு?

பற்றரியில் ஓடும் வெட்டு வாளுக்குப் பெற்றோல் தேவையில்லை, புகையும் வராது, அதனால் அறைக்குள்ளேயே கொன்கிரீட் வெட்டலாம் என்கிறார்கள். நாங்கள் கேட்பது ஒன்றுதான்: தூசு எங்க போகும்?

கம்பி வெட்டேக்க பறக்கிற பொறி கண்ணுக்குத் தெரியும், விலகி நிற்பம். கொன்கிரீட்டையும் கருங்கல்லையும் உலர வெட்டினால் பறக்கும் சிலிக்காத் துகள் தெரியாது. அது நுரையீரலின் அடிவரை இறங்கும். அதனால் வரும் சிலிக்கோசிஸ் நோயைக் குணப்படுத்த மருந்தில்லை. சர்வதேச புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1997இலேயே இந்தத் தூசைப் புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்திவிட்டது. தண்ணீர் பாய்ச்சி வெட்டு, உள்ளுக்கு வெட்டினால் சுவாசக் கவசமும் போடு என்கிறது அமெரிக்காவின் 2016ஆம் ஆண்டு விதி.

எங்கட பெடியள் மூக்கில லேஞ்சியைக் கட்டிக்கொண்டு வெட்டுகிறார்கள். லேஞ்சி இந்தத் துகளை மறிக்காது. "அவங்களுக்குக் கவனம் காணாது" என்கிற கொந்தராத்துக்காரரே, இவ்வளவு காசு குடுத்து வாளை வாங்கின நீங்கள், தண்ணிக் குழாயையும் கவசத்தையும் ஏன் வாங்கேல்ல? நாட்கூலிக்கு வாறவன் தன்ர காசில வாங்கவேணுமோ?

வீடு கட்டுவிக்கிற எங்கட குடும்பங்களும் தப்ப ஏலாது. வாள் வீட்டுக்குள்ள வந்தால் முதற்கேள்வி எங்களுடையதாக இருக்கட்டும்: தண்ணி எங்க?