முதுகில் பச்சை: ஒரு வருஷம் பொறுத்தால் என்ன?

நெல்லிக்குப்பம் பக்கத்துக் கிராமங்களில் வயதான பாட்டிமார்களின் கையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பலருக்கு முழங்கைக்குக் கீழே மங்கிப்போன ஒரு கோலமோ, தேளோ, பெயரோ பச்சையாகத் தெரியும். அப்படி ஒரு பாட்டியின் பேரன் நெய்வேலி டவுன்ஷிப்பில் இருந்து காலேஜுக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். "முதுகு முழுக்க டாட்டூ போடப் போறேன்" என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொல்கிறான். அப்புறம் என்ன, வீடு ரெண்டாகிவிடும். "வெள்ளைக்காரன் புத்தி உனக்கு எதுக்குடா?" என்று முதலில் கத்துவது யார் தெரியுமா? கையில் பச்சையோடு உட்கார்ந்திருக்கும் அதே பாட்டிதான்!

பாட்டி சொல்வது தப்பு. இது ஒன்றும் இறக்குமதிச் சரக்கு இல்லை. சென்னை அருங்காட்சியகத்தில் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், நூறு வருஷத்துக்கு முன்பே நம்ம ஊர்ப் பச்சையைப் பற்றி விரிவாக எழுதிவைத்திருக்கிறார். ஊர் ஊராகப் போய்ப் பச்சை குத்தியவர்கள் குறத்திகள். மஞ்சளும் அகத்திக்கீரையும் சேர்த்து எரித்த கரிதான் மை. கறுப்பாக உள்ளே போகும் மை, நாளாக ஆகப் பச்சையாகத் தெரியும். பெயர் வந்த கதை அதுதான்.

அதனால் டாட்டூ சரியா தப்பா என்பது இங்கே பேச்சே இல்லை. அந்தக் காலத்தில் யாரும் உட்கார்ந்து டிசைன் தேடவில்லை என்பதுதான் விஷயம். குறத்திக்குத் தெரிந்த நாலு கோலத்தில் ஒன்று, ஊரில் எல்லோருக்கும் இருக்கிற அதே இடத்தில். அது பிடிக்காமல் போனாலும் பழி ஊருக்குத்தான். இன்று தேர்ந்தெடுப்பது ஒரே ஒரு ஆள். பழியும் அவனுக்கே.

அடுத்தவர் சொல்லிக் குத்திக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு நம்ம அரசியலிலேயே உதாரணம் உண்டு. 1970களில் எம்.ஜி.ஆர். தன் கட்சிக்காரர்களைக் கட்சி அடையாளத்தைக் கையில் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னார். கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது. ஆனாலும் ஆயிரக்கணக்கில் குத்திக்கொண்டார்கள். 1987இல் அவர் மறைந்தார், கட்சி இரண்டானது, 1989 தேர்தலில் இரட்டை இலை முடக்கப்பட்டது. ஜானகி அணிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதா அணிக்குச் சேவல். கையில் இலையைக் குத்தியிருந்தவர் ஓட்டுச்சீட்டில் இலையைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? பிறகு சின்னம் திரும்பி வந்தது. எல்லோருக்கும் அப்படித் திரும்பி வருமா? காதலி பெயரை முதுகில் எழுதப் போகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

சரி, முதுகுக்கு வருவோம். டாட்டூவுக்கு முதுகு நல்ல இடம்தான். உடம்பிலேயே பெரிய பரப்பு, வெயில் அதிகம் படாது, சட்டை போட்டால் மறைந்துவிடும். ஒரே ஒரு குறை, சொந்தக்காரனுக்கு அது தெரியாது. கையில் இருந்தால் தினமும் பார்க்கலாம். முதுகில் இருப்பதை ஊர் பார்க்கும், போட்டவன் பார்க்க முடியாது. கண்ணாடியில் பார்த்தாலோ எழுத்து இடம் வலமாக மாறித் தெரியும். எழுத்துப்பிழை இருந்தால் கடைசியாகத் தெரியப்போவது அவனுக்குத்தான். டேவிட் பெக்காம் மனைவி பெயரை தேவநாகரி எழுத்தில் கையில் குத்தி, அதில் எழுத்துப்பிழை என்று உலகமே சிரித்தது. தமிழில் ர, ற, ல, ள, ழ எல்லாம் இருக்கிறது. ஸ்டென்சில் ஒட்டியதும் ஊசி வைக்கும் முன் போனில் ஒரு போட்டோ எடுத்து, தமிழ் தெரிந்த இரண்டு பேரிடம் காட்டுவது உத்தமம். நிமிர்ந்து நின்றபடி ஸ்டென்சில் ஒட்டச் சொல்ல வேண்டும். குனிந்த முதுகில் நேராக இருக்கும் கோடு, நிமிர்ந்ததும் கோணலாகிவிடும்.

இதைவிடப் பெரிய விஷயம் வேலை. ராணுவ ஆள்சேர்ப்பில் முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் மட்டும்தான் நிரந்தர டாட்டூவுக்கு அனுமதி. வேறு எங்கே இருந்தாலும் தகுதி இழப்பு. வழக்கமாகவே பச்சை குத்தும் பழங்குடிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. துணை ராணுவப் படைகளில் இன்னும் கறார்: இடது முன்கையின் உட்புறம் அல்லது புறங்கை, அதுவும் அந்தப் பகுதியில் கால் பங்குக்கும் குறைவாக. நெய்வேலி சுரங்கத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் காவல் இருக்கும் சி.ஐ.எஸ்.எஃப். படைக்கும் இதே விதிதான். அந்த வாசலில் தினமும் சீருடையைப் பார்த்து ஆசைப்படும் பையன், பதினெட்டு வயதில் முதுகில் சிறகு வரைந்துகொண்டால், இருபதில் மெடிக்கலோடு ஆசை முடிந்துபோகும். டாட்டூ கடையில் இதை யார் சொல்கிறார்கள்?

லேசரில் அழித்துக்கொள்ளலாமே என்பார்கள். பல தடவை போக வேண்டும், போட்டதைவிடச் செலவு கூடும், பச்சையும் நீலமும் லேசில் போகாது, நம்ம மாநிறத் தோலில் தழும்பும் நிறமாற்றமும் வரலாம். போட்ட பிறகு ஒரு வருஷம் ரத்ததானமும் செய்ய முடியாது.

ஆகவே போடாதே என்று சொல்வதைவிட, பொறு என்று சொல்வதுதான் நியாயம். பிடித்த டிசைனை நிஜ அளவில் பிரிண்ட் எடுத்து பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டட்டும். ஒரு பொங்கலில் இருந்து அடுத்த பொங்கல் வரை தினமும் கண்ணில் படட்டும். முதுகில் பார்க்க முடியாததை முன்கூட்டியே பார்த்துத் தீர்த்துக்கொள்ள வேறு வழி இல்லை. மூன்றாம் மாதமே சலித்தால் மிச்சம் ஒரு முதுகு. வருஷம் கழித்தும் பிடித்திருந்தால் தாராளமாகப் போகலாம். புது ஊசியைக் கண்முன்னே பிரிக்கும் கடையாகப் பார்த்துப் போக வேண்டும், ஏனென்றால் பழைய ஊசியில் மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் தொற்றலாம். நெய்வேலி கத்திரி வெயிலில் வேண்டாம். வேர்வையும் காலேஜ் பையின் வாரும் சேர்ந்து புண்ணை ஆறவிடாது. மார்கழி நல்லது.

அந்தப் பாட்டி தன் பச்சையைத் தானே தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் அறுபது வருஷம் அதோடு குடித்தனம் நடத்தியிருக்கிறாள். பேரன் ஒரு பேப்பரோடு ஒரு வருஷம் குடித்தனம் நடத்திக் காட்டட்டும். பாட்டியே காசு கொடுத்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை!