லைசென்ஸ் ஒருவர் பெயரில், குத்தகை இன்னொருவர் கையில்

விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் விருதுநகரில் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. பட்டாசு ஆலை வழக்குகள் பலவும் அங்கேதான் வந்து சேரும். ‘மருந்து உராய்ந்ததால் விபத்து’ என்பது நாம் படித்துப் பழகிய செய்தி. வெடித்த ஷெட்டை நடத்தியவர் யார் என்ற கேள்வி அதற்கு அடியில் கிடக்கிறது.

2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருந்தது. ஆலை ஓடியதோ குத்தகையில், உள்குத்தகையில். உள்குத்தகைக்காரர் போட்ட முன்பணத்தைத் தீபாவளிக்குள் எடுத்தாக வேண்டும். நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் ஆள் கூடும். வேலை மரத்தடிக்கும் பரவும். வெடித்தால்? ஜப்தி செய்ய அவரிடம் சொத்து இல்லை. இழக்க ஒன்றுமில்லாதவரை நஷ்டஈடு எப்படி மிரட்டும்?

டெல்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: தவறு யாருடையதானாலும் அபாயகரமான தொழில் நடத்துபவருக்கே முழுப் பொறுப்பு, நிறுவனம் எவ்வளவு பெரியதோ அவ்வளவு பெரிய நஷ்டஈடு. நம் பட்டாசுத் தொழில் இதைத் தலைகீழாகப் படித்துவிட்டது. ஆலையைத் துண்டு போட்டால் பொறுப்பும் துண்டாகிவிடுகிறது. ராஜபாளையத்து நூற்பாலை முதலாளி ஸ்பிண்டில் கணக்கில் ஆலையை உள்குத்தகைக்கு விடுவதில்லை. அங்கே ஒருவர் கை எந்திரத்தில் சிக்கினால் யாரைக் கேட்பது என்று தேட வேண்டியதில்லை.

அச்சங்குளத்தில் இறந்தோர் குடும்பங்களுக்குப் பிரதமர் நிதியிலிருந்து தலா 2 லட்சமும் மாநில அரசிடமிருந்து தலா 3 லட்சமும் அறிவிக்கப்பட்டன. கண்ணீர் துடைப்பதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 5 லட்சத்தில் ஒரு ரூபாய்கூட ஆலைக் கணக்கில் செலவாக ஏறவில்லை. பசுமைத் தீர்ப்பாயம் இறந்தோர் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் என்றது; அந்தத் தொகைதான் முதலாளியை யோசிக்க வைக்கும், அதுவும் அவர் பையிலிருந்து போனால்.

விபத்தை யாரால் மலிவாகத் தடுக்க முடியுமோ அவர் தலையில் பொறுப்பை வை என்பது அமெரிக்கச் சட்ட அறிஞர் குயிடோ கலப்ரேசியின் வாதம். இங்கே அது லைசென்ஸ்காரர். யாருக்கு விடுவது, எத்தனை ஷெட் விடுவது என்பது அவர் கையில்தானே இருக்கிறது?

சின்ன ஆலைகள் மூடிவிடும், பட்டாசு விலை ஏறும் என்பார்கள். ஏறட்டும். இன்றைய மலிவு விலையின் மீதியைத் தொழிலாளியின் குடும்பம் கட்டிக்கொண்டிருக்கிறது. உள்குத்தகைக்கு விட்ட லைசென்ஸ்காரரே முழு நஷ்டஈட்டையும் முதலில் கட்டட்டும்; குத்தகைக்காரரிடம் வசூலித்துக்கொள்வது அவர் பாடு.