வீட்டுக்குள் ஒரு சேமிப்புப் பெட்டி: கடையில் வாங்குவதா, நாமே செய்வதா?

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதி நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11க்கு மாற முடியாத, ஆனால் இன்னும் நன்றாகவே ஓடும் பழைய கணினிகள் பல வீடுகளில் மேசைக்கடியில் கிடக்கின்றன. “வீசிவிடாதீர்கள், இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்டால் நம் வீட்டுப் படங்களை எல்லாம் அதிலேயே வைக்கலாம்” என்று சொல்வதற்கு வீட்டுக்கு வீடு ஒரு பிள்ளையும் இருக்கிறது.

பிள்ளை சொல்வதில் நியாயம் உண்டு. கூகல் ஃபோட்டோஸ் தன் வரம்பில்லா இலவச இடத்தை 2021 ஜூன் 1ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. மின்னஞ்சல், கோப்பு, படம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிகாபைட்தான் இலவசம். பொங்கல், பிறந்தநாள், பள்ளிப் பேச்சுப்போட்டி என்று திறன்பேசியில் காணொளி எடுத்துத் தள்ளும் குடும்பத்திற்கு அது எந்த மூலைக்கு? அதன்பிறகு ஆயுள் முழுக்க மாதச் சந்தா.

இதனால்தான் ‘நாஸ்’ என்ற பெயர் இப்போது குடும்பப் பேச்சிலும் அடிபடுகிறது. வீட்டு ரவுட்டரோடு இணைத்து வைக்கும் சேமிப்புப் பெட்டி அது. வீட்டில் உள்ள எல்லாருடைய திறன்பேசியும் கணினியும் அதில் படங்களை ஏற்றலாம், எடுக்கலாம். சினாலஜி, கியூநாப் போன்ற தைவான் நிறுவனங்களின் பெட்டியைக் கடையில் வாங்கலாம். அல்லது பழைய கணினியில் ட்ரூநாஸ், ஓப்பன்மீடியாவால்ட் போன்ற இலவச மென்பொருளை ஏற்றி நாமே செய்துகொள்ளலாம்.

நாமே செய்தால் மலிவு என்பது பொதுவான எண்ணம். பாதிதான் உண்மை. கடைப் பெட்டி, வட்டு இல்லாமலே சில நூறு வெள்ளி ஆகும். பழைய கணினிக்கு அந்தச் செலவு இல்லை. ஆனால் இந்தப் பெட்டிகள் இரவு பகலாக ஓட வேண்டியவை. இரண்டு வட்டுக் கடைப் பெட்டி 15 வாட் அளவில் மின்சாரம் இழுக்கும். பழைய மேசைக் கணினி சும்மா இருக்கும்போதே 50 வாட் இழுக்கக்கூடும். மின்கட்டணம் கிலோவாட் மணிக்கு ஏறத்தாழ 30 காசு என்று வைத்துக்கொண்டால், முன்னதற்கு மாதம் மூன்று வெள்ளிக்குச் சற்றுமேல், பின்னதற்குப் பத்து வெள்ளிக்குமேல். ஆண்டுக்கு 90 வெள்ளி வித்தியாசம். நான்கைந்து ஆண்டில் பெட்டியின் விலை மின்கட்டணத்திலேயே போய்விடும். புதிய பாகங்கள் வாங்கிச் செய்யலாம் என்றால் அதற்கும் இது நல்ல காலமன்று. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் 2025 பிற்பாதியிலிருந்து நினைவக விலை ஏறிவிட்டது. மைக்ரான் நிறுவனம் ‘குருஷியல்’ என்ற தன் நுகர்வோர் வணிகத்தையே கைவிடுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது.

அப்படியென்றால் கடைப் பெட்டியே மேலா? அங்கும் கவலை உண்டு. அந்த ஆண்டில் வெளிவரும் ‘பிளஸ்’ வரிசைப் பெட்டிகளில் தன்னுடைய வட்டுகளையோ தான் சான்றளித்தவற்றையோ போட்டால்தான் எல்லா வசதிகளும் கிடைக்கும் என்று சினாலஜி 2025 ஏப்ரலில் அறிவித்தது. பயனாளர்கள் கொதித்தார்கள். அக்டோபரில் புதிய மென்பொருள் வெளியீட்டோடு அந்தக் கட்டுப்பாட்டைப் பெருமளவு தளர்த்தியது. நல்லதுதான். ஆனாலும் காசு கொடுத்து வாங்கிய பெட்டியின் விதிகளை இன்னொருவர் எழுதுகிறார் என்பது அந்த ஆறு மாதத்தில் தெரிந்துவிட்டது.

பாதுகாப்பு இன்னும் பெரிய விஷயம். 2022 ஜனவரியில் ‘டெட்போல்ட்’ தாக்குதல், இணையத்திற்குத் திறந்து வைத்திருந்த கியூநாப் பெட்டிகளுக்குள் புகுந்து கோப்புகளைப் பூட்டி, திறப்பதற்கு 0.03 பிட்காயின் கேட்டது. அன்றைய மதிப்பில் ஆயிரம் அமெரிக்க டாலருக்குமேல். அதற்கு முந்தைய ஆண்டு ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ‘மை புக் லைவ்’ வைத்திருந்த பலர், பெட்டி ஒரே நாளில் காலியாகக் கிடந்ததைப் பார்த்தார்கள். அந்தப் பெட்டிக்கு 2015க்குப் பிறகு பாதுகாப்பு மேம்பாடே வரவில்லை. வெளியூரிலிருந்தும் படம் பார்க்கலாமே என்ற ஆசையில் பெட்டியை நேராக இணையத்திற்குத் திறந்துவிடுவது, வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தீபாவளிச் சந்தைக்குப் போவது போலத்தான். சொந்தமாகச் செய்த பெட்டிக்கும் இது பொருந்தும். அங்கே மேம்பாடு போடுவதற்கு நிறுவனம்கூட இல்லை, நாம்தான்.

ஆக, இது விலைக் கணக்கு மட்டுமன்று. யாரை நம்பி இருக்கப்போகிறோம் என்ற கேள்வி. கடைப் பெட்டியில் ஒரு நிறுவனத்தை நம்புகிறோம். சொந்தப் பெட்டியில் வீட்டில் உள்ள ஒரே ஓர் ஆளை நம்புகிறோம். இரண்டாவது நம்பிக்கையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கும்போது பெட்டியைக் கட்டிய மகன் தேசிய சேவைக்குப் போகிறான். வாரநாளில் முகாமில் இருக்கிறான். பிறகு மேற்படிப்பு, வெளிநாடு, திருமணம், தனி வீடு. ஒருநாள் பெட்டி நின்றுபோனால் அம்மா என்ன செய்வார்? ட்ரூநாஸ் பயன்படுத்தும் இசட்எஃப்எஸ் முறையில் எழுதிய வட்டைக் கழற்றி விண்டோஸ் கணினியில் செருகினால், அதிலுள்ள படங்களைக் காட்டாது. வட்டைப் புதிதாகத் தயார்செய்யவா என்று கேட்கும். பதறிப்போய் ‘சரி’யை அழுத்தினால் போச்சு. கடைப் பெட்டியின் வட்டையும் விண்டோஸ் நேரடியாகப் படிக்காது. ஆனால் அந்தப் பெட்டி கெட்டால் அதே நிறுவனத்தின் இன்னொரு பெட்டியில் வட்டுகளைப் போட்டுத் தொடர வழி உண்டு, கேட்பதற்குத் தொலைபேசி எண்ணும் உண்டு.

தமிழ் படித்தவர்களுக்கு இது பழகிய வலி. யூனிகோடுக்கு முந்தைய குறியீடுகளில் 1990களில் தட்டச்சு செய்த கவிதைகளும் நாடகப் பிரதிகளும் வட்டில் பத்திரமாக இருக்கும். திறந்தால் வெறும் கோடும் புள்ளியும். மாற்றிக் கொடுக்கத் தெரிந்த ஒருவரைத் தேடி அலைய வேண்டும்.

என் கருத்து இதுதான். பெட்டியைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் வீட்டில் இருவராவது இருந்தால் சொந்தமாகச் செய்யுங்கள். கற்றுக்கொள்வதற்கும் அது அருமையான வேலை. ஒருவர்தான் என்றால் இரண்டு வட்டுக் கடைப் பெட்டியே போதும். நிர்வாகி மறைச்சொல்லை ஒரு தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வைக்கவும். இரண்டு வட்டு இருப்பதாலேயே இரண்டு பிரதி இருப்பதாக எண்ண வேண்டாம். ஒரு வட்டு பழுதானால் மற்றது காப்பாற்றும். ஆனால் பேரன் தவறுதலாக அழித்த படம் இரண்டிலிருந்தும் ஒரே நொடியில் போய்விடும். தீபாவளி, பொங்கல் என்று ஆண்டுக்கு இருமுறையாவது எல்லாவற்றையும் ஒரு வெளிவட்டில் நகலெடுத்து, அண்ணன் வீட்டிலோ அத்தை வீட்டிலோ கொடுத்து வைக்கலாம்.

சிம் லிம் ஸ்குவேருக்கோ வேறு கடைக்கோ போகிறவர்கள் விலையைக் கேட்குமுன், அந்த மாடல் வெளிவந்த ஆண்டையும் அதற்கு எதுவரை பாதுகாப்பு மேம்பாடு வரும் என்பதையும் கேளுங்கள். தள்ளுபடியில் கிடைப்பது பெரும்பாலும் பழைய மாடலாகத்தான் இருக்கும்.