ஸ்டெம்செல் மாற்று சிகிச்சைக்குப் பிறகு... ரத்தப் பரிசோதனைக்கு வேலூர் வரை போகணுமா?

தலசீமியா, ரத்தப் புற்றுநோய் உள்ள குழந்தைக்கு ஸ்டெம்செல் மாற்று சிகிச்சை முடிந்தாச்சு. இனி பயமில்லையா? இருக்கு. புது எதிர்ப்பு சக்தி உருவாகும்வரை, உடலில் தூங்கிக்கொண்டிருக்கும் சிஎம்வி வைரஸ் விழித்து நுரையீரல், குடல் வரை பாதிக்கலாம். முதல் 100 நாள் ரொம்ப முக்கியம்.

அதனால்தான் வாராவாரம் பிசிஆர் ரத்தப் பரிசோதனை. வைரஸ் அளவு ஏறினால், காய்ச்சலுக்குக் காத்திருக்காமல் கான்சிக்ளோவிர் மருந்தைத் தொடங்குவார்கள். அது ரத்த அணுக்களைக் குறைக்கும் என்பதால், அதற்கும் கண்காணிப்பு வேண்டும்.

1986 முதல் இந்தச் சிகிச்சை அளிக்கும் வேலூர் சிஎம்சி, திண்டுக்கல்லில் இருந்து 300 கி.மீ.க்கு மேல். ஊர் திரும்பிய பிறகும், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை தொடரும்வரை பரிசோதனை நிற்காது. அதற்காகக் குழந்தையைக் கூட்ட பஸ்ஸில் அழைத்துப்போவது வினையை விலைக்கு வாங்குவதுதான்.

திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியிலேயே ரத்தம் எடுத்து அனுப்பும் ஏற்பாட்டை அரசு செய்ய வேண்டும். பயணம் போக வேண்டியது ரத்த மாதிரி, குழந்தை அல்ல.