காவல் உண்டு, பாதுகாப்பு எங்கே?

கணவன் வளைகுடாவில் இருந்தால், ஊரில் இருக்கும் மனைவிக்கு ஆயிரம் காவல்காரர்கள். யாரோடு பேசுகிறாள், எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாள், போனில் யார் என்று மாமியார் முதல் டீக்கடை வரை கணக்கு வைத்திருக்கிறார்கள். இரண்டு ஆண்டு கழித்து வரும் கணவனிடம் 'ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளப்பா' என்று சொல்ல மட்டும் ஊரில் ஆள் கிடையாது.

இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துப் பெண்களோடு பழகுகிறவள் என்ற முறையில் கேட்கிறேன்: இவள் உடம்புக்கு யார் பொறுப்பு?

விசாவுக்காக அவனுக்கு எச்.ஐ.வி., காசநோய், கல்லீரல் அழற்சி எல்லாம் சோதிக்கிறார்கள். அது முதலாளிக்காக. அவள் கர்ப்பமானால் அவளுக்கு எச்.ஐ.வி., சிபிலிஸ் சோதிக்கிறார்கள். அது பெரும்பாலும் பிள்ளைக்காக. பிள்ளை பெற்று முடித்தவளை அவளுக்காகவே சோதனைக்கு அழைப்பவர் யார்?

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமாகி வாழும் 15-49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். அறுவை செய்துகொண்ட ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. கத்தியும் அவளுக்கே! அதன் பிறகு அவள் ஆணுறை கேட்டால், 'ஆபரேஷன்தான் ஆயிருச்சே, என் மேல சந்தேகமா?' என்ற கேள்வி வருகிறது. அறுவை கருவைத் தடுக்கும், கிருமியைத் தடுக்காது. இந்த ஒரு வரியைச் சொல்லித்தான் அவளை வீட்டுக்கு அனுப்புகிறோமா?

பால்வினை நோய்கள் பல, பெண்ணுக்கு அறிகுறியே காட்டாமல் உள்ளே தங்கிவிடும். நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி என்று வெளியே தெரிந்தாலும் 'உடம்புச் சூடு' என்று மோர் குடிக்கச் சொல்கிறார்கள். மருத்துவமனைக்குப் போனால் 'புருஷன் ஊரில் இல்லையே, உனக்கு எப்படி?' என்ற பார்வை. சேரிப் பெண்ணாக இருந்தால் அந்தப் பார்வையோடு சாதியும் சேர்ந்துகொள்கிறது.

பிழைக்கப் போனவனை நான் தூற்றவில்லை. காணி நிலம் இல்லாமல் ஆக்கி அவனைக் கடல் கடத்தியது இந்தச் சாதிச் சமூகம். பெண்ணைக் கட்டுக்குள் வைத்துத்தான் சாதி தன்னைக் காத்துக்கொள்கிறது என்று அம்பேத்கர் 1916-லேயே விளக்கினார். பெண்ணுக்கு மட்டும் கற்பு என்ற ஒருதலை நீதியைப் பெரியார் 'குடிஅரசு' காலத்திலேயே கிழித்துப் போட்டார். ஆணவக் கொலைக்கு எதிராக ஓங்கும் நம் குரல், படுக்கையறை என்றதும் ஏன் தாழ்ந்துபோகிறது தோழர்களே?

அரசு மருத்துவமனை நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது என்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டம். 1097 என்ற எண்ணில் ஆலோசனை கேட்கலாம். இவற்றை நூறு நாள் வேலைத் தளத்திலும் மகளிர் குழுவிலும் நாம் பேச வேண்டும். விடுப்பில் வரும் ஆண்களிடம் அதைவிட உரக்கப் பேச வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்து போய்ச் சோதித்துக்கொள்வதை ஊர் வழக்கமாக்க வேண்டும்.

அவள் வாசலைக் காவல் காத்தது போதும். அவள் உயிரைக் காக்க வழி செய்யுங்கள்!